கரும்பொருள் படிவதில்லை

நாளிதழின் நெல்லைப் பதிப்பில் வாரம் ஓர் அறிவியல் கட்டுரை எழுதிவந்தேன். ஒளி தராத, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைப் பற்றி எழுதியபோது ஓர் உவமை தானாக வந்தது. வெள்ளம் வடிந்ததும் தாமிரபரணியில் வண்டல் படிவதைப்போல, கரும்பொருள் விண்மீன் திரளின் நடுவில் போய்ப் படிகிறது என்று எழுதினேன். உவமை எனக்குப் பிடித்திருந்தது. சரிதானா என்று யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் பேராசிரியை தொலைபேசியில் அழைத்தார்.

“வண்டல் கட்டுரை நீங்க எழுதுனதுதான? அது தப்பு. அத நம்பி எங்க பிள்ளையள் ஒரு தொட்டி செஞ்சிருக்கு. நாளைக்குக் கண்காட்சி. நான் இன்னைக்குத்தான் பாத்தேன். வந்து நீங்களே சொல்லுங்க.”

வண்ணார்பேட்டை அலுவலகத்திலிருந்து உடனே கிளம்பினேன். ஆய்வுக்கூடத்தில் வட்டமான கண்ணாடித் தொட்டி, அதன்மேல் ‘கரும்பொருள் படிவது இப்படி’ என்ற அட்டை. ஆற்று நீர், ஆற்று வண்டல். மூன்று மாணவிகள். ஒருத்தி கரண்டியால் கலக்கிவிட்டாள். வண்டல் சுழன்று, அடங்கி, நடுவில் வட்டமாகப் படிந்தது. அழகாகத்தான் இருந்தது.

“கரும்பொருள் இப்படிப் படியாதும்மா. நான் எழுதியது தப்பு,” என்றேன்.

“ஆத்துல முழங்காலளவு எறங்கி அள்ளிட்டு வந்தோம் சார். பேப்பர்ல வந்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சோம் பாத்தியளா, அதுதான் எங்க தப்பு,” என்றாள் இன்னொருத்தி.

பேராசிரியைதான் விளக்கினார். வண்டல் நீரோடு உரசி வேகம் இழக்கிறது, அதனால் படிகிறது. விண்வெளியில் வாயுவும் அப்படித்தான்: மோதிச் சூடாகி, அந்தச் சூட்டை ஒளியாக இழந்து, நடுவில் தட்டாகச் சேரும். கரும்பொருளையும் ஈர்ப்பு இழுக்கும், திரட்டும். ஆனால் அது எதோடும் உரசுவதில்லை. உள்ளே விழுந்தது மறுபுறம் வெளியேறி, மீண்டும் திரும்பி விழும். வேகத்தை இழக்க வழியில்லாததால், தட்டைச் சுற்றிப் பெரிய உருண்டையாகப் பரந்தே இருக்கும்.

கலக்கிய மாணவி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ இது வாயு மாதிரி. தொட்டி இருக்கட்டும் மேடம். அட்டையத்தான் மாத்தணும்.”

நான் அலுவலகம் திரும்பித் திருத்தம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் உள்பக்கத்தில் நான்கு வரியாக வந்தது. கண்காட்சிக்குப் போனபோது, அதை வெட்டி என் பழைய கட்டுரையின் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார்கள்.

நடுவர் ‘இது வாயு, கரும்பொருள் அல்ல’ என்ற புதிய அட்டையைப் படித்துவிட்டுத் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். “கரும்பொருள்னு போட்டிருக்கு. அது எங்கேம்மா?”

“இதுல இல்ல சார். இப்பிடிப் படியாதுன்னுதான் காட்டுதோம்,” என்றாள் கலக்கிய மாணவி.

அவர் இன்னொரு முறை கலக்கச் சொன்னார்.