அண்ணன் கைக்கு ஒரு லீவர்

அண்ணன் ஒரு லீவர் சரியில்லை என்று சொன்னால் எங்களுக்கு அது வேதவாக்கு. ஆஸ்டின் டவுனில் நாங்கள் வளர்ந்த தெருவின் முனையில் ஒரு வீடியோ கேம் பார்லர் இருந்தது. ஆளுயரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு லீவர்கள், லீவருக்குப் பக்கத்தில் வரிசையாகப் பட்டன்கள். காசு போட்டால் திரையில் இரண்டு பேர் சண்டை போடுவார்கள். ஒருவனை அண்ணன் ஆட்டுவான், இன்னொருவனை நான். அந்தப் பார்லருக்குள் கால் வைத்த ஒரே பெண் நான்தான். தங்கச்சி மேல் அவ்வளவு பாசமா என்று கேட்காதீர்கள். எதிர்ப்பக்கம் நின்று அடி வாங்க அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. எந்தப் பெட்டியின் லீவர் இடப்பக்கம் இழுக்கும், எது கீழே போனால் திரும்பி வர அடம்பிடிக்கும் என்பதையெல்லாம் அவன் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவான்.

பார்லர் மூடி அந்த இடத்தில் மொபைல் கடை வந்தது. நான் கல்யாணமாகி ஊருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் போனேன். அண்ணன் அதே ஆஸ்டின் டவுனில் அண்ணியோடு இருந்தான். ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். கொரோனா ஓய்ந்து ஆட்கள் வீட்டை விட்டு வெளியே வரத் தொடங்கியபோது, இவன் மட்டும் தலைகீழாக, டிவியில் மாட்டுகிற கேம் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தான். எங்கள் பழைய சண்டை விளையாட்டின் புது அவதாரம் அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி போன் பண்ணினான். போனேன். பெட்டியோடு வந்த ரிமோட்டை ஐந்து நிமிடம் கையில் வைத்திருந்துவிட்டு சோபாவில் போட்டான்.

"கட்டை விரலால தடவித் தடவிச் சண்டை போடறதா? பல்லு தேய்க்கிற மாதிரி கீது. லீவர் இல்லாம இது ஆவாது."

அப்படித்தான் ஸ்டிக் தேடல் ஆரம்பித்தது. பார்லர் பெட்டியின் லீவரையும் பட்டன்களையும் மட்டும் அறுத்தெடுத்து மடியில் வைத்துக்கொள்கிற அளவுக்குச் சின்னப் பெட்டியாக்கினால் அதுதான் ஸ்டிக். ஆளுக்கு ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. பெண் பார்ப்பதற்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு படங்கள் கை மாறியதில்லை. லீவரின் தலை உருண்டையா, பேரிக்காய் வடிவமா? அடியில் லீவர் அசைகிற பள்ளத்தின் தகடு சதுரமா, எட்டு மூலையா? ஸ்ப்ரிங் இளக்கமா, கெட்டியா? என் கை கொஞ்சம் தடுமாறும் என்பதால் மூலைகள் விரலுக்குத் தட்டுப்படுகிற எட்டு மூலைத் தகட்டை எடுத்தேன். அண்ணன் எனக்காகப் பரிதாபப்பட்டான். தனக்குப் பேரிக்காய்த் தலையும், இருப்பதிலேயே கெட்டியான ஸ்ப்ரிங்கும் கேட்டான். பார்லர் லீவர் அப்படித்தான் இருக்குமாம். தள்ளினால் அது திருப்பித் தள்ள வேண்டுமாம்.

ஞாயிறு தோறும் நான் பஸ் ஏறினேன். பார்லரில் தோற்றவன் விலகி இடம் விட வேண்டும். வீட்டில் அடுத்த ஆள் இல்லாததால் தோற்றவர் எழுந்து டீ போட வேண்டும் என்று சட்டம் போட்டோம். அந்த வீட்டு அடுக்களையில் சர்க்கரை டப்பா எங்கே, ஏலக்காய் எங்கே என்று அண்ணியைவிட எனக்கு நன்றாகத் தெரிந்துபோனது. அண்ணி ஞாயிற்றுக்கிழமைகளில் டீ போடுவதையே விட்டுவிட்டார்.

அண்ணனிடம் ஓர் அடி உண்டு. லீவரைக் கீழே இழுத்து, சாய்வாக உருட்டி, முன்னே கொண்டுவந்து அந்தக் கணத்திலேயே குத்துப் பட்டனை அழுத்த வேண்டும். இதை எல்லோரும்தான் செய்வார்கள். ஆனால் அண்ணன் இரண்டு முறை தடுத்து, பயந்தவன் போல ஓரடி பின்வாங்கி, நான் ஆசையாக உள்ளே நுழையும்போது செய்வான். வரப்போகிறது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டு விழுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அடி வரவில்லை. அவனுடைய ஆள் பின்வாங்கினான், நான் நுழைந்தேன், அந்த ஆள் சும்மா நின்றுகொண்டிருந்தான். சாத்தினேன்.

"லீவர் கீழ்ப் பக்கம் விழல," என்றான் அண்ணன்.

வேதவாக்கு. பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துத் திறந்தோம். லீவரின் அடியில் நாலு திசைக்கு நாலு குட்டி சுவிட்சுகள் இருக்கும். லீவர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தச் சுவிட்ச் டிக்கென்று அழுந்தும். கீழ்ப் பக்கத்துச் சுவிட்சை மாற்றினோம். அடுத்த வாரமும் அதே கதை. நாலையும் மாற்றினோம். ஸ்ப்ரிங் தளர்ந்துவிட்டது என்றான். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஏறி இறங்கி, "இன்னும் கெட்டி பேக்கு, இன்னும் கெட்டி வேணும்" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டு வாங்கிவந்து போட்டேன். ஆட்டம் இன்னும் மோசமாயிற்று. இப்போது அவன்தான் எழுந்து எழுந்து டீ போட்டான். நான் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, சர்க்கரை கம்மி என்று குறை சொன்னேன்.

கடைசியில் ஸ்டிக்கை மாற்றிக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். அவனுடையது என் மடியில், என்னுடையது அவன் மடியில். அவன் லீவரில் எனக்கு எல்லா அடியும் சுத்தமாக வந்தது. என் லீவரில் அவனுக்கு எதுவும் வரவில்லை. இதிலிருந்து உலகத்தில் யாருக்கும் ஒன்று புரிந்திருக்கும். எங்களுக்குப் புரிந்தது என்ன தெரியுமா? என் லீவரும் கெட்டுவிட்டது என்று. ஒரே கம்பெனிச் சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்று அண்ணன் சொன்னான், நானும் தலையை ஆட்டினேன். அதன் பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், உன் கதையும் அப்டிதான் போ," என்றேன்.

இப்படிச் சொன்னால் சோபா தலையணை பறந்து வர வேண்டும். வரவில்லை. அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான், அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடி விழுந்தது. அடுக்களை வாசலில் நின்றிருந்த அண்ணி இரண்டையும் பார்த்தார்.

"கொஞ்சம் நிறுத்தறீங்களா ரெண்டு பேரும்?" என்றார். "தினம் காலையில உங்க அண்ணன் ஷூ லேஸ நான்தான் கட்டி விடறேன். இடது கைல டம்ளர் நிக்க மாட்டேங்குது. அதெல்லாம்கூட ஸ்டிக்கோட தப்பா?"

அண்ணன் இடது கையை மடியில் மறைத்துக்கொண்டான். லீவரைப் பிடிக்கிற கை. அவ்வளவு பெரிய ஆள், திருடிய தின்பண்டத்தைப் பதுக்குவது போல அந்தக் கையைப் பதுக்கினான்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி குத்திப் பார்த்தார்கள், கரண்டு வைத்துப் பார்த்தார்கள், குழாய்க்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். நரம்பு டாக்டர் நல்ல மனிதர், அவசரப்படாமல் பேசினார். நரம்புகள் தேய்ந்துகொண்டு வருகின்றன, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பி வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அண்ணன் கேட்டது ஒரே கேள்வி.

"வலது கை?"

"இப்போதைக்கு நன்னா இருக்கு," என்றார் டாக்டர். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை நான் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று இப்போது தெரிகிறது. அப்போது வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நரம்பை எனக்குத் திறக்கத் தெரியாது. பெட்டியைத் திறக்கத் தெரியும். கெட்டி ஸ்ப்ரிங்கைக் கழற்றி இருப்பதிலேயே இளக்கமானதைப் போட்டேன். லீவரின் தண்டை நீளமாக்கினேன்; நீளமானால் தள்ளுவது சுலபம். சுவிட்சுகளைத் தொட்டாலே அழுந்துகிற வகைக்கு மாற்றினேன். தலையைப் பெரிதாக்கி, வழுக்காமலிருக்க ஷட்டில் பேட்டுக்குச் சுற்றுகிற நாடாவைச் சுற்றினேன். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஞாயிறு தாங்கும். "பரவால்லயே, வருதே!" என்பான். அவன் ஆள் எழுந்து நிற்பான், எனக்குப் பழைய மாதிரி ஓர் அடி விழும், நான் சந்தோஷமாக டீ போடப் போவேன். அடுத்த மாதம் அந்தக் கை இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருக்கும். நான் ஒரு படி இறக்கினால் நோய் இரண்டு படி இறங்கியது.

லீவரே இல்லாத ஸ்டிக் உண்டு, திசைக்கும் பட்டன்தான் என்று எங்கோ படித்தேன். அடுகோடியில் ஒரு பட்டறையில் பலகையை வெட்டி வாங்கி, அவன் இடது கை விரல்கள் தானாக எங்கே போய் விழுகின்றனவோ அங்கே துளை போடச் சொன்னேன். அளவெடுப்பதற்காக அவன் கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். எதிர்ப்பே இல்லாமல் இருந்தது அந்தக் கை. பார்லரில் கூட்டத்தில் தொலைந்துவிடாதே என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போன கை. நான் தலையைக் குனிந்துகொண்டு வரைந்தேன்.

பலகை தயாராகி மடிக்கு வந்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் அவன் சொல்வதைக் கேட்பதை நிறுத்தியிருந்தன. ஒரு ஆட்டம் ஆடினான். பாதியில் கையை எடுத்துவிட்டான்.

"போதும்மா. நீ வேற எத்தினி மாத்துவ."

சில ஞாயிறுகள் டிவி போடவில்லை. நான் போவேன், பேசுவோம், டீயை அண்ணி போடுவார். யாரும் தோற்காமல் வருகிற டீ ருசிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அவனே என் பழைய ஸ்டிக்கை எடுத்து எங்கள் இருவர் மடியிலும் படுகிற மாதிரி வைத்தான்.

"லீவர் நீ. பட்டன் நான். மெஷினுக்கு எதிர்ல ஆடலாம்."

முதலில் ஒரே கூத்து. "குதி!" என்பான், நான் குதிப்பதற்குள் எங்கள் ஆள் தரையில் கிடப்பான். "தடு! தடுன்னேனே!" என்று கத்துவான். நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள செத்துட்டோம் என்று நானும் கத்துவேன். ரொம்ப நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் கேட்டது. போகப்போக அவன் சொல்வதை நிறுத்தினான், நான் கேட்பதை நிறுத்தினேன். என் கை தடுத்தது, மறுபடி தடுத்தது, பயந்தவன் போல ஓரடி பின்வாங்கியது. மெஷின் உள்ளே நுழைந்தது. நான் கீழே இழுத்து உருட்டி முன்னே கொண்டுவந்தபோது அவன் விரல் சரியாகப் பட்டனில் இறங்கியது. எதிராளி திரையின் ஓரம் வரை போய் விழுந்தான். அண்ணன் போட்ட கூச்சலில் அண்ணி கரண்டியோடு ஓடி வந்தார்.

"எப்டித் தெரிஞ்சுது உனக்கு?" என்றான், மூச்சு வாங்க.

"உன்கிட்ட அடி வாங்கியே வளந்தவ நான். தெரியாதா?"

அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

"அப்ப சரி. என் ஆட்டம் மொத்தமும் உன் கைல கீது. இனிமே எனக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியாத கோபம். "எனக்கு உன் ஆட்டம் வேணாண்ணா," என்றேன். அழுகை வந்துவிட்டது. "அத வெச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது? எனக்கு நீ எதிர்ல வேணும்."

அண்ணி அடுக்களைக்குத் திரும்பிப் போய்விட்டார். அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் அங்கயேதான் இருக்கணும்னு பாத்தேன்," என்றான். "முடியல, பாப்பா."

திரையில் அடுத்த ஆள் வந்து நின்றான். அண்ணன் வலது கையைப் பட்டன்களின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு லீவரைப் பிடித்தேன்.