ரிப்போட்டு அக்காவின் மேல் கிடக்கும் பழி

போன செவ்வாய்க்கிழமை காலையில், பாகான் டத்தோவில் என் மகன் வீட்டு வாசலுக்குத் தேங்காய் ஏற்ற வந்த லோரிக்காரர் செல்வம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “அண்ணே, ஈப்போவுல ரிப்போட்டு அக்கா இறந்துட்டாங்க. ஞாயித்துக்கிழமையே அடக்கம் பண்ணியாச்சாம்” என்றார். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அடையாளமும் சொன்னார். “அதாண்ணே, கேசட்டுல கோளாறு பண்ணி ஏழு குடும்பத்துக்கு வீட்டுமனை கிடைக்காம பண்ணாங்களே, அந்த அக்கா லா.”

நான் உட்கார்ந்தால் பாகான் டத்தோ ஓர் அடி கடலுக்குள் இறங்கும் என்று பேரப்பிள்ளைகளிடம் பெருமை பேசுகிறவன் நான். அன்று நான் உட்கார்ந்தது நாற்காலிக்கே தெரிந்திருக்காது.

ரிப்போட்டு அக்கா என்கிற திரேசா அக்காவை அறிந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். லோரிக்காரர் சொன்ன அடையாளம் பொய். அடக்கத்துக்குப் போனவர்களில் சிலரும் அதையே சொல்லிக்கொண்டு திரும்பியதாகக் கேள்விப்பட்டேன். அதை மாற்றாமல் இந்தப் பேனாவை மூடப் போவதில்லை.

எழுபதுகளில் பேராக்கில் ஒரு சங்கம் இருந்தால் அதற்கு ஓர் ஆண்டறிக்கை இருக்கும். அதை எழுதியவரே படித்திருக்க மாட்டார். ஈப்போவில் ஒரு கோப்பிக்கடையின் மாடியறையில், எந்தச் சங்கத்திலும் சம்பளத்துக்கு இல்லாமல், அந்த அறிக்கைகளை வாங்கி, எழுத்துத் தெரியாதவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் போய்ச்சேரும்படி மாற்றிக் கொடுப்பது அக்காவின் தொழில். அதற்கு அப்போது ஒரு பெயர் கிடையாது. மாதா கோயிலில் அவரை டைப்பிஸ்ட் என்றார்கள். தோட்டங்களில் ரிப்போட்டு அக்கா.

எழுத்தை அவர் கட்டைவிரல் அகலத்துக்குக் கையாலேயே வரைவார். அச்சுக்கடைச் சீன முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். “அக்கா, இவ்ளோ பெரிசா? கெர்தாஸ் எல்லாம் ஹாபிஸ் லா!” அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். “தாள் தீர்ந்தா வாங்கிக்கலாம் தவுக்கே. கண்ணு தீர்ந்தா எந்தக் கடையில வாங்குறது?”

நான் அப்போது கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. ஆபீசில் பேரேடு எழுதும் வேலை என்றாலும், எனக்கு நானே ஒரு குட்டி சமஸ்தானம். பல தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து வைத்திருந்த வீட்டுமனைச் சங்கம் ஒன்றுக்கு நான் செயலாளர். அதன் ஆண்டறிக்கையை எழுதுவேன். என் முதல் வாக்கியம் கோலா கங்சாரில் புறப்பட்டால் தைப்பிங்கில்தான் முற்றுப்புள்ளி போட்டு இறங்கும்.

அந்தப் பொக்கிஷத்தை அக்காவிடம் கொடுத்தபோது, அவர் என்னை லகாட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பொன்னம்மா இருந்தார். கண்ணில் பூ விழுந்ததால் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை விட்டு, ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தவர். என்னைப் படிக்கச் சொன்னார் அக்கா. படித்தேன். மரங்களே கைதட்டும் என்று எதிர்பார்த்தேன்.

“என்னா வெளங்குச்சு பொன்னம்மா?”

“ஐயா நல்லா பாடுறாரு அக்கா. என்னா பாட்டுன்னுதான் தெரியல.”

அக்கா சிரிக்கவில்லை. பென்சிலை என் கையில் கொடுத்தார். “அவங்க அதைத் திருப்பிச் சொல்ற வரைக்கும் இது அறிக்கை இல்ல தம்பி. உன் சத்தம், அவ்வளவுதான்.” அதுதான் அவர் வழக்கம். கேட்டவர் தம் வாயால் திருப்பிச் சொல்லாத எந்த அறிக்கையும் அந்த மாடியறையை விட்டு இறங்காது. அன்று மூன்று முறை அடித்து எழுதினேன். என் அலங்காரங்கள் எல்லாம் ஆயாக்கொட்டகைத் தரையில் செத்துக் கிடந்தன.

எண்பதுகளின் தொடக்கத்தில், தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் கேசட் ரேடியோ வந்தது. அக்கா அறிக்கையைக் கேசட்டில் கொடுக்கத் தொடங்கினார். குரல் என்னுடையது. நான் தும்மினால் ஈப்போ ஸ்டேஷனில் கைகாட்டி இறங்கும் என்று ஊரே பேசும். பேச்சைக் கிளப்பியது நான்தான். “குரல் நல்லா வச்சிருக்கே தம்பி. அதுக்குள்ள கொஞ்சம் சேதியும் வை” என்பார் அக்கா.

அப்படி ஒரு வருஷம்தான் பொன்னம்மா இருந்த தோட்டம் விலைபோனது. விற்கப் போகிறார்கள் என்று காற்றுவாக்கில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வேறு: பக்கத்திலேயே வீட்டுமனை தருகிறார்கள், வேண்டுமென்றால் மாதம் முடிவதற்குள் சங்கத்தில் பெயர் கொடுத்துக் கைநாட்டு வைக்க வேண்டும். அக்கா எழுதிக் கொடுத்த தாளில் முதல் வரியே அதுதான். “தோட்டம் விற்கப்படுகிறது. மனை வேண்டுமானால் இந்த மாதத்துக்குள் வந்து பெயர் கொடுங்கள்.”

சாவுச்சேதி போல அப்படியா ஒரு கேசட் தொடங்கும்? தங்கையின் பிரசவத்துக்காக அக்கா பினாங்குக்குப் போயிருந்த நேரம். சங்கத் தலைவர் வந்து, “கிராணியாரே, தொடக்கம் கம்பீரமா இருக்கட்டும்” என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு அது போதாதா? வாழ்த்து பாடினேன். சங்க வரலாறு சொன்னேன். தலைவரை இமயத்தில் ஏற்றினேன். தொழிலாளர்களைப் பூமித்தாயின் புதல்வர்கள் என்றேன். நாடா ஒரு பக்கம் தீரும் நேரத்தில், குரலை உயர்த்தி ஒரு வணக்கம் வைத்தேன். மனைச் சேதி இரண்டாம் பக்கத்துக்குப் போனது. யாரையும் திருப்பிச் சொல்ல வைக்கவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோட்டங்களுக்குக் கேசட்டை அனுப்பிவிட்டேன்.

பொன்னம்மாவின் லயத்தில் கேட்டார்கள். வணக்கம் சொன்னதும் அறிக்கை முடிந்தது என்று நினைத்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? மறுபக்கம் காலிதானே என்று, அந்த வாரம் மாரியம்மன் திருவிழாவின் உறுமி மேளத்தை அதில் பதிந்துகொண்டார்கள்.

மாதம் கழிந்து பினாங்கிலிருந்து திரும்பிய அக்கா நேரே அந்த லயத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“கேசட்ட கேட்டீங்களா பொன்னம்மா? என்னா வெளங்குச்சு?”

“ஐயா எங்கள ரொம்ப உசத்திப் பேசுனாரு அக்கா. காது குளுந்துருச்சு.”

“பேரு குடுத்தீங்களா?”

“என்னா பேரு?”

அக்கா கேசட்டை வாங்கித் திருப்பிப் போட்டார். உறுமி அடித்தது. பொன்னம்மா தலையாட்டிக்கொண்டே, “இது நம்ம கோயிலு மேளம்தான் அக்கா” என்றார். மற்ற லயங்களில் கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருந்தார்கள். அந்த லயத்தில் ஏழு வீடு. ஏழிலும் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

சங்கத்துக்கு ஓடினோம். பட்டியல் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். கேசட் யார் பொறுப்பு என்று தலைவர் கேட்டார். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் வாயைத் திறந்தேன். கைகாட்டியை இறக்கும் அந்தக் குரல் வரவில்லை. “அறிக்கை என் பொறுப்பு. தப்பும் என்னோடதுதான்” என்றார் அக்கா.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோபத்தில் அறைந்திருந்தால் தேவலை. “உன்னச் சொன்னா தோட்டத்து மேனேஜர்கிட்ட சேதி போகும், வேல போகும். வேல போனா தோட்டத்து வீடும் போகும். மூணு புள்ளைங்க வச்சிருக்கே. ஏழு வீடு போனது போதும் தம்பி, எட்டாவது வேணாம்” என்றார்.

மறுநாள் அவர் ஏழு வாசலுக்கும் தனித்தனியே போய், “என் தப்பு, மன்னிச்சிருங்க” என்று சொன்னார். நான் தண்ணீர்க் குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் ஒருவர் அவர் காலடியில் காறித் துப்பினார். பொன்னம்மா மட்டும் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, “நீங்க ஏன் அழுவுறீங்க, ஐயா குரல்ல ஏதோ விட்டுப்போச்சு போல” என்றார். அவருக்கு விளங்கியிருந்ததா, தெரியாது. லகாட்டின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைக் கரையில் ஒரு பலகைக் குடிசையில் இரண்டு வருஷம் இருந்து இறந்துபோனார்.

அதற்குப் பிறகு எந்தச் சங்கமும் அக்காவைத் தேடி மாடியேறவில்லை. கோயில் அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை என்று தட்டச்சு செய்து காலம் கழித்தார். நான் போகும்போதெல்லாம் கோப்பி வாங்கிக் கொடுத்தார். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள். நான் ஓய்வு பெற்றேன். வேலை போகும் பயம் எப்போதோ போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. நாளைக்கு, தீபாவளிக்கு அப்புறம், மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எதையும் பத்து மடங்காகப் பேசத் தெரிந்தவனுக்கு, உள்ளதை உள்ளபடி ஒரு வரி சொல்ல வரவில்லை.

செல்வத்திடம் அன்று வாசலிலேயே சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். பொன்னம்மாவின் லயத்தில் ஏழு குடும்பங்கள் மனை இழந்ததற்குக் காரணம் நான். திரேசா அக்கா அல்ல. படித்தவர்கள் இதைப் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசித்த பிறகு, என்ன விளங்கியது என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும் வரை விடாதீர்கள்.

அக்காவின் உடைமைகளைத் தங்கை வந்து எடுத்துப்போய்விட்டாராம். எனக்கென்று எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவர் தோளில் கிடந்த பழி என்னுடையது. அதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.