பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு பாஸ்வர்ட்

எங்கள் லயத்தில் பகலில் கதவைச் சாத்தினால் அது ஒரு செய்தி. உள்ளே யாருக்கோ ரொம்ப முடியவில்லை, அல்லது புருஷன் பெண்சாதிக்குள் சண்டை, அல்லது புதிதாக வாங்கியதைக் காட்ட மனமில்லை. மூன்றில் ஒன்று என்று பன்னிரண்டு வீடும் முடிவு கட்டிவிடும். ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக வீடுகள், நடுச்சுவர்கள் கூரைவரை போகாத லயத்தில் கதவை மட்டும் சாத்தி என்ன ஆகப்போகிறது என்பது வேறு விஷயம். முதல் வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கொத்தமல்லி அவிப்பார்கள்.

அப்படிப்பட்ட லயத்துக்குத்தான் 2006 வாக்கில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. இலங்கை மலையகத்தில் ராகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மேனேஜர் தொரையின் ஆபீசில் இருந்ததை விட்டால் அது ஒன்றுதான் கம்ப்யூட்டர். வளைகுடாவில் வீட்டுவேலைக்குப் போயிருந்த அக்காவின் சம்பளத்தில் வாங்கியது. அப்பா அதைக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கம்பியில்லாத வீட்டு போன்கள் அறிமுகமாகியிருந்த காலம். போனிலிருந்து ஒரு வயரை இழுத்துச் சொருகினால் இன்டர்நெட் வரும். பெருமழை பெய்தால் வராது.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நுவரெலியாவில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருந்தேன். பாஸ்வர்டை யாருக்கும் சொல்லாதே, எங்கும் எழுதி ஒட்டாதே என்று அங்கே சொன்னதைக் கொப்பியில் அடிக்கோடிட்டு எழுதிவைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டருக்கு முதல் வேலையாக ஒரு பாஸ்வர்ட் போட்டேன். மறுநாளே பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று, "என்னம்மா, பொட்டிக்கும் பூட்டா? நாங்க என்ன களவாணிங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"பூட்டு போட்டு வாழ்ந்த பழக்கம் நம்ம லயத்துல இல்ல. எடுத்துரு."

எடுத்துவிட்டேன். அதோடு நிற்கவில்லை. லயத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு மெயில் முகவரி திறந்துகொடுத்தேன். மலைத்தண்ணீர் வந்து விழும் ஒரு பீலியில்தானே பன்னிரண்டு வீடும் தண்ணீர் பிடிக்கிறது, ஒரு மெயில் போதாதா என்று நினைத்தேன். கொழும்பில் கடைகளில் நிற்கும் பையன்கள், வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் எல்லாரும் அந்த ஒரு முகவரிக்கு எழுதினார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து வரும் கடிதங்களை நான் உரக்க வாசிப்பேன். அக்காவுக்கும் அதே முகவரிதான். அவளும் வேலைசெய்யும் வீட்டுக் கம்ப்யூட்டரில், யாரும் பார்க்காத நேரம் அதே மெயிலைத் திறந்து, அதிலிருந்து அதற்கே கடிதம் போடுவாள். பாஸ்வர்ட், மாரியம்மன் பெயரோடு லயத்து வீடுகளின் எண்ணிக்கை. எங்கள் கலண்டரில் எழுதித் தொங்கியது. மழைநாளில் சனம் தவிக்கக் கூடாது என்று, கலண்டர் தாளொன்றின் பின்பக்கத்தில் அதை எழுதி ராகலை பஜாரில் ஏஜென்ட் மாமாவிடமும் கொடுத்தேன். அவர் கடையிலும் கம்ப்யூட்டர் இருந்தது. உதவி செய்கிறேன் என்ற பெருமை எனக்கு.

ஏஜென்ட் மாமா என்பவர் தோட்டத்துப் பெண்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் தரகர். அவருடைய தங்கை எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் லயத்துக்கே மாமா. அக்காவை அனுப்பியவரும் அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மெயிலைத் திறந்தேன். அக்காவின் கடிதம் இருந்தது. "மேடம் கையில இஸ்திரிப் பெட்டிய வச்சிட்டா. இனி இங்க இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை எல்லாரும் வெளிய போவாங்க. அப்ப பின் கதவால எம்பசிக்குப் போயிருவேன். அம்மாகிட்ட சொல்லாத."

இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் வேறொன்று உறைத்தது. திறக்காத கடிதம் தடித்த எழுத்தில் இருக்கும். இது நான் தொடுவதற்கு முன்பே மெலிந்த எழுத்தில் இருந்தது. எனக்கு முன்னால் யாரோ வாசித்திருக்கிறார்கள்.

லயத்தில் அன்று காலை யாரும் எங்கள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. யாராக இருக்கும் என்று நான் தலையை உடைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. நாலரை மணிக்கு ஏஜென்ட் மாமா தானாக வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். அப்பாவிடம் தோட்டத்துக் கதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்:

"பெரிய புள்ளைக்குப் புத்தி சொல்லுங்க. அந்த ஊருல பொம்பளப் புள்ள தனியா ரோட்டுல போனா பிடிச்சுருவாங்க. அதுவும் வெள்ளிக்கிழமைன்னா தெருவுல ஒரு ஈ காக்கா இருக்காது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வெள்ளிக்கிழமை என்ற சொல் அந்தக் கடிதத்தில் மட்டும்தான் இருந்தது. அனுப்பிய பெண் ஓடிப்போனால் கொழும்பு ஏஜென்சியில் இவருக்குப் பெயர் கெடும். ஒரு போன் போட்டு அந்த மேடத்திடம் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை பின் கதவில் அக்காவுக்காக ஆள் நிற்கும். பிறகு அவளை என்ன செய்வார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. கிளாசை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுவரோடு நின்றேன்.

அக்காவுக்கு போன் எடுக்க வழியில்லை. மாதம் ஒருமுறை மேடம் பக்கத்தில் நிற்க அவளே எடுப்பாள். பொலிஸுக்குப் போனாலும் எந்த ஊர், எந்த வீடு என்று கேட்பார்கள். அந்த முகவரி ஏஜென்ட் மாமாவிடம்தான் இருந்தது. மெயிலில் எச்சரிக்கை எழுதினால் அவரும் வாசிப்பார். பாஸ்வர்டை மாற்றினால் அவர் வெளியே நிற்பார், ஆனால் அக்காவும் வெளியே நிற்பாள். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்றால் என்னவென்று அன்று தெரிந்தது.

ஒரு வழிதான் இருந்தது. பாஸ்வர்ட் மறந்துபோனால் மெயில் ஒரு கேள்வி கேட்கும். சரியான பதில் கொடுத்தால் புதிய பாஸ்வர்ட் போட விடும். மெயில் திறந்த புதிதில், அக்கா மாதம் எடுக்கும் போனில் நான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். கேள்வியை நாமே எழுதலாம். அக்காவுக்கு மட்டும் பதில் தெரிந்த ஒரு கேள்வி வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியாத ஒன்று எங்கள் இருவருக்குள் என்ன இருக்க முடியும்? அக்கா படித்த பள்ளிக்கூடம், அவளுக்குப் பிடித்த கறி, சின்ன வயதில் கூப்பிட்ட பெயர், எங்கே விழுந்து எந்தப் பல் உடைந்தது, எல்லாம் லயத்துக்கே தெரியும். அவள் வயதுக்கு வந்த நாளைக்கூட மூன்றாவது வீட்டில் நாங்கள் சொல்வதற்கு முன்பே சொன்னார்கள். ஒரு மணிநேரம் அந்த வெற்றுக் கேள்விப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று இருக்கிறது என்று எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அதைத் தொட எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா போன அன்று நான் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு "போகாதே, போகாதே" என்று அழுதேன். லயமே பார்த்தது. தங்கச்சிக்கு எவ்வளவு பாசம் என்று இன்றைக்கும் சொல்வார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு பீலியில் துணி துவைக்கும்போது நடந்தது யாருக்கும் தெரியாது. பீலித் தண்ணீர் விழும் சத்தத்தில் அடுத்த கல்லில் நிற்பவருக்குக்கூடக் காது கேட்காது. எங்கள் லயத்தில் இரகசியம் பேச இருந்த ஒரே இடம் அது.

"எனக்குப் பயமா இருக்குடி. நீ வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் போகல. சொல்லு, போகவா?" என்று அக்கா கேட்டாள். என் வகுப்புக் காசும் கம்ப்யூட்டரும் அவள் போவதில்தான் இருந்தன. நான் துணியைப் பிழிந்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல், "போ" என்றேன்.

கேள்விப் பெட்டியில், "பீலியில் நீ கேட்டதற்கு நான் என்ன சொன்னேன்?" என்று அடித்தேன். பதிலில் அந்த ஒரு சொல். உள்ளே அக்காவுக்கு ஒரு கடிதம் போட்டேன்: "ஏஜென்ட் மாமாவுக்குத் தெரிஞ்சிருச்சு. வெள்ளிக்கிழமை வேணாம். வேற நாள், வேற வழி." பாஸ்வர்டை மாற்றினேன்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு அத்தை, தன் மகனின் கடிதத்தைப் பார்க்க வந்தார். என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் சுவருக்கு மேலால் மூன்றாவது வீட்டுக்குப் போய்விடும். "வைரஸ் வந்துருச்சு அத்த. மெயில் வேல செய்யல" என்றேன். சாயங்காலத்துக்குள் லயம் முழுவதும் வைரஸ். ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அத்தை பேரனைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார். வேறு சமயமென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

புதன்கிழமை நான் போட்ட கடிதம் தடித்த எழுத்திலேயே இருந்தது. வியாழன் காலையிலும் அப்படியே. அக்கா வாசிக்கவில்லை. ஒன்பது மணிக்கு மழை பிடித்தது, இன்டர்நெட் போயிற்று. கூரைமேல் ஏறி போனின் ஏரியலைத் திருப்பிப் பார்த்தேன். நனைந்ததுதான் மிச்சம்.

அன்று பின்னேரம் ஏஜென்ட் மாமா குடையோடு வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

"மெயில் தெறக்க மாட்டேங்குதே புள்ள. பீலில என்ன சொன்ன, என்ன சொன்னன்னு கேட்டுக்கிட்டே நிக்குது. நீ போகாதேன்னுதானே அழுத? அதப் போட்டா தப்புங்குது."

"வைரஸ் மாமா. அது கண்டபடி கேக்கும்."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "வைரஸுக்கு நம்ம பீலிய எப்படித் தெரியும்?" என்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவுக்கு நான் அக்காவின் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் அடுப்பருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "போகாதேங்கிறது தப்புன்னா, அப்ப நீ என்ன சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார். மற்ற விஷயம் முழுவதையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன், அதை மட்டும் எழுதவில்லை. அவர் தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டார்.

வெள்ளிக்கிழமை அம்மா பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போனபின் மழை வெறித்தது. அப்பா தேயிலை ஸ்டோரில் இராத்திரி வேலை முடிந்து வந்தவர், தூங்காமல் என் பின்னால் நின்றார். மெயிலைத் திறந்தேன். நான் போட்ட புதிய பாஸ்வர்ட் தவறு என்றது. திரும்ப அடித்தேன். தவறு.

யாரோ பதிலைக் கண்டுபிடித்து உள்ளே போய் என்னை வெளியே பூட்டியிருக்கிறார்கள். அக்காவா, அவரா? போகாதே தப்பென்றால் அடுத்து என்ன என்று யோசிக்க ஏஜென்ட் மாமாவுக்கு ஒரு இராத்திரி முழுவதும் இருந்தது. கேள்வியைக் கேட்கச் சொல்லி அழுத்தினேன்.

கேள்வி மாறியிருந்தது.

"என்னா போட்டிருக்கு? வாசி" என்றார் அப்பா. ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. சுவருக்கு மேலால் எத்தனை வீட்டுக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாசித்தேன்.

"நீ போன்னு சொன்னதுக்கு எனக்குக் கோவமா?"

எனக்கு அந்தப் பதில் தெரியாது. மூன்று வருடமாக அக்காவிடம் கேட்கத் துணியாத கேள்வி அது. எனக்குத் தெரிந்த நியாயப்படி "ஆமா" என்று அடித்தேன். தவறு என்று சிவப்பில் வந்தது. அடுத்து அடிக்க ஒரு பதில்தான் மிச்சம் என்று தெரிந்தும், அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை. அப்பா என் தோளில் கையை வைத்தார்.

"இல்லன்னு போடும்மா."

போட்டேன். திறந்தது. மேலே தடித்த எழுத்தில் ஒரு கடிதம், தலைப்பில் "எம்பசியில இருக்கேன்" என்று இருந்தது. அதற்கு மேல் எழுத்து எனக்குத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

அப்பா போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். காலை பத்து மணி, நல்ல வெளிச்சம். வாசல் பக்கம் பேச்சுச் சத்தம் நின்றது. அவர் திரும்பி வந்து பலகைக்கட்டையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப வாசி" என்றார். "மெதுவா வாசி."