லிஃப்டில் கிடைத்த குலசாமி

அஸ்தம்பட்டியில் ஒரு பழைய அபார்ட்மெண்ட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வாடகைக்கு விட்ட வீடு என்றால் ஓனரிடம் அசோசியேஷன் இரண்டு மடங்கு மெயிண்டனன்ஸ் வாங்கும். அதனால் என் ஓனர், “ஆராச்சும் கேட்டா என்ற அண்ணன் பையன்னு சொல்லீரு சாமி” என்றிருந்தார்.

இன்று லிஃப்டில் அசோசியேஷன் செகரட்டரி மாட்டினார்.

“வாடகைக்கு இருக்கறயா?”

“இல்லீங்க, ஓனர் எங்க சித்தப்பாங்க.”

“உங்க சித்தப்பனும் நானும் ஒரே குலசாமி கும்புடற கூட்டம். அப்ப நீயும் பங்காளிதான். ஞாயித்துக்கெழம குலசாமி கோயில்ல கெடா வெட்டு. பங்காளிக பூரா வாராங்க. என்ற கார்லயே போயிரலாம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பொய் தெரிந்தால் வீடு போய்விடும்.

பங்காளிகள் முதலில் அப்பா பேரைத்தான் கேட்பார்கள் என்று ஓனருக்குப் போன் போட்டேன். “உங்க அண்ணன் பேரு என்னங்க?”

“எனக்கேது சாமி அண்ணன்?”

ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ச்சல் வர வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.