கண்ணாடியில் ஒரு பொட்டு

பழைய தேக்குப் படச்சட்டம் என்றால் எனக்குப் பைத்தியம். ஜொகூர் பாருவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தைக்கு அதற்காகவே போவேன். அங்கே தமிழர் ஒருவர் தார்ப்பாயில் கடை விரித்திருப்பார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எவ்வளவு கறாராகப் பேரம் பேசினாலும் சிரிப்பார்.

அன்று அவர் நாற்காலி ஓரமாக ஒரு படம் சாய்ந்திருந்தது. அருமையான தேக்கு, மூலைகளில் கொடி வேலைப்பாடு. ஆசையோடு எடுத்துத் திருப்பினேன். உள்ளே, மீசை அரும்பிய ஓர் இளைஞன். கண்ணாடியில் அவன் நெற்றிக்கு நேராகச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சட்டத்தின் மேல் காய்ந்த மாலையின் நூல். யார் வீட்டிலோ கும்பிட்ட படம்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. செத்தவனைப் பொட்டோடு கொண்டுவந்து விற்பதா, துடைக்கக்கூடவா நேரமில்லை என்று பொரிந்து தள்ளினேன். அவர் பாட்டுக்குத் தார்ப்பாயில் இருந்த சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அது எரிச்சலைக் கூட்டியது. கைப்பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து நானே துடைக்கப் போனேன்.

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மீதிச் சில்லறை தரும்போதுகூட விரல் படாமல் தருகிறவர்.

"தொடைக்காதீங்க தங்கச்சி. அது நான்தான்."

தூக்கிவாரிப் போட்டது. படத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். இடது புருவத்தில் அதே தழும்பு.

தலை நிமிராமல் சொன்னார். அந்த வயதில் அப்பாவோடு சண்டை போட்டு, லாயாங் லாயாங் என்ற தன் ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு ஓடியவர். ரோஷத்தில் ஒரு தகவலும் அனுப்பவில்லை, பிறகு திரும்பிப் போக முகமில்லை. போன வாரம் பழைய சாமான் லாரிக்காரன் இறக்கிய மூட்டையில் இந்தப் படம் இருந்திருக்கிறது. எங்கே எடுத்தாய் என்று கேட்டதற்கு, லாயாங் லாயாங்கில் தனியாக இருந்த கிழவி இறந்துபோய் வீட்டைக் காலி செய்தார்கள் என்றானாம். தன்னைச் செத்தவனாக நினைத்துக் கும்பிட்டதும், கும்பிட்டவள் செத்ததும் ஒரே மூட்டையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

படம் விற்பதற்கு இல்லையாம். அறையில் தனியாக விட்டுவர மனம் வராமல், தினமும் கூடவே தூக்கிவருகிறாராம்.

படத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். குங்குமத்தில் விரல்ரேகை கோடு கோடாகப் பதிந்திருந்தது.

"அம்மா விரலு," என்றார்.

டிஷ்யூ இன்னும் என் கையில் இருந்தது. ஒரு நொடி தவறியிருந்தால் அந்த விரல் அதில் வந்திருக்கும்.