பத்தால் வகுத்த கோணம்

அலுவலகத்தில் அவளுக்குக் கோணக்கா என்று பெயர். கோணம் அளக்கிற அக்கா என்பதுதான் அர்த்தம். கோணல் அக்கா என்று வாய் தவறிச் சொல்பவர்களும் உண்டு, வேண்டுமென்றே வாய் தவறுபவர்களும் உண்டு. பாலமோ கூரையோ கட்டுவதற்கு முன்னால் அதைக் கம்ப்யூட்டரில் கட்டி, பாரம் ஏற்றி, எந்த இணைப்பு எத்தனை டிகிரி வளைகிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள். அடுத்தவர் கணக்கில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அன்று முழுக்க முகத்தில் தனிக் களை. அதை மறைக்கவும் தெரியாது. வீட்டில் சுவர்ப்படம் ஒன்று சற்றே சாய்ந்துவிட்டால் போதும், கணவர் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது.

அப்பேர்ப்பட்டவள்தான் அன்று காலை பத்தே காலுக்குத் தன் கணக்கிலேயே ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள்.

ஆஸ்பத்திரியின் இரண்டு கட்டடங்களை மூன்றாவது மாடியில் இணைக்கும் நடைபாலம். பதினொரு மணிக்கு அதன்மேல் மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதிக்கப் போகிறார்கள். கோப்பில் வைக்க ஒரு படம் வேண்டுமே என்று கம்ப்யூட்டர் மாதிரியைத் திறந்தாள். முழுப் பாரத்தைச் சுமந்துகொண்டும் பாலம் திரையில் அடிக்கோல் மாதிரி நேராக நின்றது. அப்படி நிற்கக் கூடாது. நிஜ வளைவு கண்ணுக்குத் தெரியாது என்பதால் அந்த அலுவலகத்தில் எல்லோரும் அதைப் பத்து மடங்கு பெருக்கித்தான் திரையில் வைப்பார்கள். இணைப்பில் ஒரு புள்ளி, இருபுறமும் ஒவ்வொரு புள்ளி, மூன்றையும் தொட்டால் திரையில் உள்ள வளைவு டிகிரியில் வரும். அதைப் பத்தால் வகுத்து எழுதுவார்கள். யோசிக்காமல் கை செய்கிற வேலை.

திரையின் மூலையைப் பார்த்தாள். பெருக்கம்: 1.

“இதோட பெருக்கத்தை யாரு மாத்தினது?”

பக்கத்து மேஜைக்காரர் டீயைக் கீழே வைத்தார். “நான்தான்க்கா. போன மாசம் ஆஸ்பத்திரிக்காரங்க பாக்க வந்தாங்கல்ல? பாலம் என்னங்க தொட்டில் மாதிரி தொங்குதுன்னு மிரண்டுட்டாங்க. அதான் நிஜ அளவுல வச்சேன். ஏன், என்னாச்சு?”

அவர்கள் வந்துபோன மறுநாள்தான் அவள் அளந்தாள். திரை 1.2 டிகிரி காட்டியது. பத்தால் வகுத்து 0.12 என்று எழுதி, கையெழுத்தும் போட்டாள். அந்த இணைப்பு தாங்கக்கூடியது அரை டிகிரி. பெருக்கம் 1 என்றால் அந்த 1.2தான் நிஜ வளைவு, வகுத்திருக்கவே கூடாது.

பாலத்துக்கு அடியில், சாரத்தின் மேல் நின்று வளைவு காட்டும் மீட்டரைப் பார்க்கப் போகிறவன் அவளுடைய தம்பி. அங்கே அவன்தான் இன்ஜினியர்.

அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். அங்கே வேலையைக் கவனிக்கிற மேற்பார்வையாளரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள்.

“அக்கா, நான் மாத்தினேன்னு எங்கயும் சொல்லிடாதீங்க” என்று பின்னாலேயே வந்தார் பக்கத்து மேஜைக்காரர்.

“மூலையில பாக்காம வகுத்தது நான். கையெழுத்தும் என்னோடதுதான். வழிய விடுங்க.”

ஸ்கூட்டரில் பன்னிரண்டு நிமிஷம். முதல் சிக்னலில் நின்றாள், இரண்டாவதில் நிற்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. வேலை போகும் என்றல்ல, அந்தப் பயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. தம்பி தலைக்கு மேல் எத்தனை மூட்டை என்பது ஒன்றுதான் அப்போது மனதில் ஓடியது.

அவள் போய்ச் சேர்ந்தபோது கிரேன் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார்கள்.

“நிறுத்துங்க! ஏத்தாதீங்க!”

மேற்பார்வையாளர் திரும்பினார். “பாதி ஏத்தியாச்சும்மா. இப்ப வந்து நிறுத்துன்னா? கணக்கு கொடுத்ததே நீங்கதானே?”

“என் கணக்கு தப்பு. பத்து மடங்கு தப்பு. முதல்ல அடியில இருக்கிறவங்கள வெளிய வரச் சொல்லுங்க.”

பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததில்லை. மேற்பார்வையாளர் உடனே கையைத் தூக்கிக் கிரேனை நிறுத்தினார், சாரத்தில் இருந்தவர்களை இறங்கச் சொன்னார். நான்கு பேர் வந்தார்கள். கடைசியாகத் தம்பி வந்தான், தலைக்கவசமெல்லாம் மணல். அவன் இரண்டு கால்களும் தரையில் பட்ட பிறகுதான் அவள் நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தாள்.

“தப்பா? அப்ப மீட்டர் சரியாத்தான் காட்டுச்சா?”

“எவ்வளவு காட்டுச்சுடா?”

“பாதிப் பாரத்துலயே 0.6. நீ 0.12ன்னு எழுதியிருந்தியே, அதனால மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். ரெண்டு தடவ மாத்திப் பாத்தேன், அப்பவும் அதேதான். சாரத்துல கூட இருந்தவங்க நிறுத்திடலாம்னாங்க. நான்தான், எங்கக்கா கணக்கு தப்பாது, ஏத்துங்கன்னு சொன்னேன்.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதில் பெட்டி பிரிக்காத இன்னொரு மீட்டர் இருந்தது, நான்காவது.