மாப்பிள்ளை ஊரை விசாரித்த மாலை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் தங்கச்சி, பக்கத்து வீட்டு ஜேர்மன் அன்ரி, அவருடைய கிழட்டு நாய். வேறு ஒருவரும் இல்லை. அழுத்திச் சொல்லக் காரணம், நாங்கள் குடியேறிய பிளாக்ஹவுஸ் பே என்ற ஊரில் இருந்த எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப்பேர் பிற்பாடு தாங்களும் அங்கே இருந்ததாகக் கதைத்துக்கொண்டு திரிந்தார்கள். பாதி என்றால் மூன்று குடும்பம்.

தங்கச்சிக்கு ஜேர்மனியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெடியன் அகதியாகப் போய், தங்கும் உரிமைப் பேப்பர் கிடைத்து, ஒரு சின்ன ஊரில் மர ஆலையில் வேலை. படம் வந்தது. சாதகம் பொருந்தியது. முடிவைச் சொல்லு என்று அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார். தங்கச்சி ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டன் என்றும் சொல்லவில்லை. பக்கத்து ஊர் நியூ லின்னில் துணிக்கடை வேலை, புதிதாக எடுத்த லைசென்ஸ், ஓட என்னுடைய பழைய கார் எல்லாவற்றையும் விட்டுப் போய், எங்கேயோ ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டி வருமோ என்று அவளுக்குப் பயம். எனக்குப் பயப்படக் காரணமே தேவையில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உலக வரைபடத்தை வாங்கி விரித்து அந்த ஊரைத் தேடினேன். இல்லை. ஊரே பொய்யோ என்று நித்திரை போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்தால் மாப்பிள்ளையைக் கேட்பதில்லை. அவனுடைய ஊர்ச் சந்திக்கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தபடி, சும்மா கேட்பதுபோல விசாரிப்போம். ஜேர்மனியில் சந்திக்கடைக்கு எங்கே போவது? அன்ரிதான் வழி சொன்னார். ஊர்ச்சபைக் கந்தோருக்கு போன் எடுத்தால் எல்லாம் சொல்வார்களாம். எங்களுக்குப் பின்னேரம் ஏழு மணி, அங்கே காலை. எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, தன்னுடைய போனிலேயே எடுத்தார். கந்தோரில் ஒரு பெண் பேசினார். அன்ரி ஜேர்மனில் கேட்டு ஆங்கிலத்தில் சொல்ல, தங்கச்சி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"சனம் ஆயிரம் வராதாம். மிச்சமெல்லாம் காடு. ஒரு சேர்ச், ஒரு பேக்கரி, ஒரு நெருப்பணைக்கிற வண்டி. புதன்கிழமை பின்னேரம் கந்தோர் பூட்டாம்."

"பூட்டோ? புதன்கிழமை பின்னேரம் ஆருக்கும் ஏதும் நடந்தா?"

"அண்ணா, அங்க புதன்கிழமையில ஒண்டும் நடக்கிறேல்லயாக்கும்."

"பிறகேன் நெருப்பு வண்டி? அடிக்கடி பத்துதோ? காடு வேற எண்டுறாய்."

"இஞ்சாருங்கோ, காசு ஓடுது," என்றாள் மனைவி. "பெடியனைக் கேளுங்கோ."

"பொறு. கிணத்துத் தண்ணியோ, பைப்போ? உவரோ, நன்னீரோ?"

அன்ரி அதையும் கேட்டார். கந்தோர்ப் பெண் கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, பைப் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று பதில்.

பெடியன் குடிக்கிறவனோ என்று கேட்கச் சொன்னேன். எந்தப் பெடியன் என்று கந்தோர்ப் பெண் கேட்கவில்லை. அந்த ஊரில் இருந்த ஒரே தமிழன் அவன்தான்.

"ஊர்த் திருவிழாவில எல்லாரும் பியர் குடிக்க, இவர் ஒரேஞ் ஜூசோட நிண்டவராம். ஊர் இப்பவும் அதைக் கதைக்குதாம்."

"அப்ப குறையே இல்லையோ?" சந்திக்கடையில் குறை சொல்லாத மாப்பிள்ளையை நாங்கள் நம்புவதில்லை.

"ஒண்டு இருக்காம்." தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பஸ் ஒரு நாளைக்கு ரெண்டுதானாம். அதால இவர் பழைய கார் ஒண்டு வாங்கிப்போட்டு, லைசென்ஸ் சோதனையில ரெண்டு தரம் பெயில். கார் கந்தோர் வாசலிலயே நிக்குதாம். பனி வழிக்கேக்க பெரிய இடைஞ்சலாம். பனி வழிக்கிற ட்ரக்டர் ஓடுறது இந்த போனில கதைக்கிற பொம்பிளைதானாம்."

"பொம்பிளையோ ஓடுறா?" என்றாள் மனைவி.

தங்கச்சி கதிரையின் நுனிக்கு வந்தாள். அதற்குள் அன்ரி கையைக் காட்டினார். இனிக் கந்தோர்ப் பெண்ணின் முறையாம். அவர் எங்களை விசாரித்தார். கலியாணப் பெண்ணுக்குக் கார் ஓடத் தெரியுமா? ரிவர்ஸ் எடுப்பாளா? தண்ணீர் விசாரித்த மனிதரும் கூட வந்து தங்கப்போகிறாரா?

"அண்ணா வரமாட்டார் எண்டு முதல்ல சொல்லுங்கோ அன்ரி," என்று தங்கச்சி தமிழிலேயே தொடங்கி, பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். தனக்கு ரிவர்ஸ் நன்றாக வரும், அந்தக் காரைத் தானே வந்து எடுக்கிறேன் என்றாள். அங்கே யாரோ கை தட்டியது இங்கே கேட்டது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"அம்மாவுக்கு ஓம் எண்டு எழுதுங்கோ அண்ணா."

"அங்க ரோட்டில வலப்பக்கமெல்லோ ஓடுறவை!"

"பழகுவன்."

அன்ரிக்கு போன் பில் வந்ததும் காசோடு போனேன். அந்தக் கார் அசைந்த பிறகு தா என்று அன்ரி திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வருடம் படம் வந்தது: ஸ்டியரிங்கில் தங்கச்சி, பக்கத்தில் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தபடி மாப்பிள்ளை. படத்தையும் காசையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்ரி கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தார். படத்தில் கார் நிற்கிறதே, ஓடுகிறது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டு, கதவைச் சாத்திவிட்டார்.

முப்பத்தெட்டு டொலர் இன்னும் பாக்கி.